பம்பு நின்றால்தான் காது கேட்கும்!

ஆலையைப் பூட்டி, சாவியை இடுப்பிலே செருகிக்கொண்டு, கப்பலேறிப் போய்விட்டான் முதலாளி. கரையிலே நின்றுகொண்டு, "கூலி பாக்கி! கூலி பாக்கி!" என்று கூவுகிறான் தொழிலாளி. என்ன கிடைக்கும் அவனுக்கு? அலையின் இரைச்சல் கிடைக்கும், அவ்வளவுதான்! இயந்திரம் ஓடிக்கொண்டிருந்த நாளிலே, அதே தொழிலாளி தன் தோழர்களோடு சேர்ந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தால், மாடியிலே இருந்த முதலாளி படி இறங்கி வந்திருப்பான், பேசியிருப்பான், கணக்கைத் தீர்த்திருப்பான்.

சங்கம் கண்ட தோழர்களுக்கு இந்தப் பாடத்தை நாம் புதிதாகச் சொல்லித் தரவேண்டியதில்லை. ஆனால், ஆலையும் இல்லாத, சங்கொலியும் கேளாத அடர்ந்த காட்டிலே, ஆற்று மீனையும் காட்டுக் கிழங்கையும் நம்பி வாழும் மக்கள் இதே பாடத்தைத் தங்கள் சொந்த அனுபவத்திலே கற்றிருக்கிறார்கள். தென் அமெரிக்கக் கண்டத்திலே, அமேசான் காட்டிலே, ஈக்வடார், பெரு எனும் இரு நாடுகளிலே, எண்ணெய்க் கம்பெனிகளை எதிர்த்து நின்ற பழங்குடி மக்களைப்பற்றித்தான் சொல்லுகிறோம்.

1964ஆம் ஆண்டிலே, ஈக்வடார் அரசிடம் அனுமதி பெற்று, டெக்சகோ எனும் அமெரிக்கக் கம்பெனி அந்நாட்டின் கிழக்குக் காட்டிலே கால் வைத்தது. 1967லே எண்ணெய் பீறிட்டது. கிடைத்த இடத்துக்கு ஒரு பெயரும் சூட்டப்பட்டது: 'லாகோ அக்ரியோ'. ஸ்பானிய மொழியிலே, 'புளித்த ஏரி' என்று பொருள். அங்கே ஏரி ஏதேனும் புளித்துக் கிடந்ததா? இல்லை! டெக்சகோ கம்பெனி பிறந்த ஊர், டெக்சாஸ் மாநிலத்திலே உள்ள 'சவர் லேக்'. அந்தப் பெயரை அப்படியே மொழிபெயர்த்து, கோஃபான் மக்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த மண்ணுக்கு ஒட்டிவிட்டார்கள். பெயர் வைப்பதற்கே மண்ணுக்குரியவனைக் கேட்காதவர்கள், கிணறு வெட்டுவதற்கா கேட்பார்கள்? கேட்கவில்லை. ஆனால், வைத்த பெயர் மட்டும் பலித்துவிட்டது. புளிக்காத நீரெல்லாம் சில ஆண்டுகளிலே புளித்தது!

எப்படிப் புளித்தது என்பதைத் தோழர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். பூமிக்குள்ளிருந்து எண்ணெய் மட்டும் தனியாக வருவதில்லை. கூடவே நீர் வருகிறது. கொதிக்கும் நீர், கடல் நீரையும் மிஞ்சும் உப்பு நீர், எண்ணெய்க் கசடும் உலோக நஞ்சும் கலந்த நீர். எண்ணெயைப் பிரித்தெடுத்தபின் அந்த நீரை என்ன செய்வது? வந்த வழியே பூமியின் ஆழத்துக்கு மீண்டும் செலுத்திவிடலாம். அதற்கு வழி உண்டு, கருவி உண்டு, ஆனால், செலவும் உண்டு! செலவில்லாத வழி மற்றொன்று. காட்டிலே குழி தோண்டு. அடியிலே தளம் போடாதே. நஞ்சை அதிலே கொட்டு. குழி நிரம்பினால் ஒரு குழாயைச் செருகி, பக்கத்து ஓடையிலே விட்டுவிடு. ஈக்வடார் காட்டிலே நடந்தது இந்த இரண்டாவது வழி. நூற்றுக்கணக்கிலே குழிகள்! மழைக்காடு என்பதால் வானம் ஓயாமல் பொழியும், குழி வழியும், ஓடை கறுக்கும், ஓடை ஆற்றிலே சேரும். அந்த ஆற்றிலேதான் தாய் தண்ணீர் மொண்டாள். அந்த ஆற்றிலேதான் பிள்ளை குளித்தான். அந்த ஆற்று மீன்தான் இரவுச் சோறு. ஓடைகளிலே விடப்பட்ட நச்சு நீர் சுமார் 1,600 கோடி காலன் என்பது வழக்குத் தொடுத்த மக்களின் கணக்கு.

"அந்தக் காலத்திலே இதுதானே வழக்கம்" என்று சிலர் சமாதானம் சொல்லக்கூடும். அப்படியா சேதி! டெக்சகோவின் தாய்வீடான டெக்சாசிலே, உப்பு நீரைத் திறந்த குழிகளிலே தேக்கக்கூடாது என்று 1969லேயே மாநிலம் முழுமைக்கும் தடை வந்துவிட்டது. அங்கே தடை, இங்கே தாராளம்! டெக்சாஸ் விவசாயியின் கிணறு மட்டும் கிணறு. கோஃபான் மக்களின் ஆறு சாக்கடை! சட்டம் எல்லை தாண்டவில்லை. இலாபம் மட்டும் எல்லை தாண்டியது. 1972லே காட்டையும் ஆண்டீஸ் மலையையும் கடந்து சுமார் 500 கிலோமீட்டர் நீளத்துக்குக் குழாய் போட்டு, எஸ்மரால்டாஸ் துறைமுகத்துக்கு எண்ணெயைக் கொண்டுபோனார்கள். எண்ணெய் மலையேறிக் கடல் சேர்ந்தது. நஞ்சு மட்டும் ஊரிலேயே தங்கிவிட்டது.

கம்பெனி போட்ட சாலை வழியே, நிலம் தேடி ஏழை விவசாயிகளும் மலைநாட்டிலிருந்து வந்து குடியேறினார்கள். காட்டு மக்களுக்கும் வந்தவர்களுக்கும் நிலத் தகராறு இல்லாமலில்லை. ஆனாலும், ஒரே ஓடையின் நஞ்சு இருவர் வயிற்றிலும் இறங்கியபோது, இருவரும் ஒன்று சேர்ந்தார்கள். ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பார்கள். இங்கே ஊர் ஒன்றுபட்டது. தோல் நோய், வயிற்று நோய், புற்றுநோய் என்று குமுறினார்கள். 1993லே, சுமார் 30,000 மக்களின் சார்பாக, நியூயார்க் நகர நீதிமன்றத்திலே வழக்குத் தொடுத்தார்கள்.

ஆனால், 1993லே கம்பெனி எங்கே? எண்ணெய் எடுக்கும் பொறுப்பை 1990லேயே ஈக்வடார் அரசுக் கம்பெனியிடம் விட்டாயிற்று. 1992லே ஒப்பந்தமும் முடிந்து, நாட்டைவிட்டே போயாயிற்று. ஆலையைப் பூட்டிக்கொண்டு போன கதை இங்கேதான் தொடங்குகிறது.

நியூயார்க்கிலே கம்பெனி என்ன வாதாடியது தெரியுமா? "இந்த வழக்கை ஈக்வடார் நாட்டிலேதான் விசாரிக்க வேண்டும், அங்கே நல்ல நீதிமன்றங்கள் இருக்கின்றன" என்றது! ஒன்பதாண்டு இழுபறிக்குப்பின், 2002லே, "சரி, அங்கேயே போங்கள்" என்றது அமெரிக்க நீதிமன்றம். இதற்கிடையில் 2001லே டெக்சகோவைச் செவ்ரான் எனும் பெருங்கம்பெனி வாங்கிவிட்டது. 2003லே லாகோ அக்ரியோவிலேயே வழக்கு மீண்டும் தொடங்கிற்று. மக்களுக்காக வாதாடிய பாப்லோ ஃபஹார்டோ, பாட்டாளியாக உழைத்து, உழைத்தபடியே சட்டம் படித்து வக்கீலானவர். எதிர்ப்புறத்திலே கோடி கொட்டிக் கொண்டுவந்த வக்கீல் பட்டாளம். 2011 பிப்ரவரியிலே தீர்ப்பு: சுமார் 860 கோடி டாலர் இழப்பீடு கொடு, பகிரங்கமாக மன்னிப்புக் கேட்காவிட்டால் அபராதமும் சேர்த்து இரட்டிப்பாகும்! 2013லே நாட்டின் உயர்ந்த நீதிமன்றம் அந்த அபராதத்தை நீக்கி, சுமார் 950 கோடி டாலர் என்று முடிவு கட்டிற்று.

வெற்றி! மகத்தான வெற்றி! ஆனால், கிடைத்த காசு எவ்வளவு? ஒரு டாலர்கூட இல்லை! செவ்ரானுக்கு ஈக்வடாரிலே ஜப்தி செய்யச் சொத்தே இல்லை. தீர்ப்பைக் கையிலே எடுத்துக்கொண்டு கனடா போனார்கள், பிரேசில் போனார்கள், அர்ஜென்டினா போனார்கள். எங்கும் கதவு திறக்கவில்லை. 'ஈக்வடாரிலே நல்ல நீதிமன்றங்கள் உண்டு' என்று சொன்ன தரப்பே, தோற்றபிறகு, 'அங்கே நடந்தது மோசடி' என்று நியூயார்க்கிலே எதிர்வழக்குப் போட்டது. 2014லே நியூயார்க் நீதிபதி, மக்கள் தரப்பின் அமெரிக்க வழக்கறிஞர் இலஞ்சத்தாலும் மோசடியாலும் அந்தத் தீர்ப்பைப் பெற்றார் என்று தீர்ப்பளித்தார். 2016லே மேல்முறையீட்டிலும் அதுவே நின்றது. 2018லே ஹேக் நகரிலே கூடிய நடுவர் மன்றமும் கம்பெனியின் பக்கமே பேசிற்று. மறைப்பானேன்? இதுவும் நடந்ததுதான்.

கம்பெனி இன்னொன்றும் சொல்லுகிறது: "1995 முதல் 1998 வரை நாலு கோடி டாலர் செலவிலே எங்கள் பங்குக் குழிகளைத் துப்புரவு செய்தோம். அரசு எங்களுக்கு விடுதலைச் சீட்டு எழுதிக் கொடுத்தது. மிச்சம் இருப்பது அரசுக் கம்பெனியின் பொறுப்பு." நாம் கேட்கிறோம்: அரசு கொடுத்த சீட்டிலே, அந்த ஆற்றிலே தண்ணீர் மொண்ட தாயின் கையெழுத்து இருக்கிறதா? வக்கீல் தவறு செய்திருந்தால் வக்கீலைத் தண்டியுங்கள், தண்டித்தும் ஆயிற்று. வக்கீல் செய்த தவற்றால் குழியிலே கிடந்த எண்ணெய் இளநீராகிவிட்டதா? கம்பெனி கைகாட்டுகிறது அரசை. அரசு கைகாட்டுகிறது கம்பெனியை. இரண்டு கைகளுக்கும் நடுவே, குழி அப்படியே கிடக்கிறது!

முப்பது ஆண்டு வழக்கின் முடிவு இது. இப்போது பக்கத்து நாடான பெருவுக்கு வாருங்கள்.

பெருவின் வடக்குக் காட்டிலே கோரியன்டஸ் என்றொரு ஆறு. கரையிலே அச்சுவார் மக்கள். 1970களிலே ஆக்சிடென்டல் எனும் அமெரிக்கக் கம்பெனி வந்தது; பிறகு ப்ளஸ்பெட்ரோல் எனும் அர்ஜென்டினாக் கம்பெனி வந்தது. வந்தவர் மாறினாலும் வழக்கம் மாறவில்லை. நாள்தோறும் நச்சு நீர் ஆற்றிலே. மனுக் கொடுத்தார்கள், மன்றாடினார்கள், பயனில்லை. அரசின் சுகாதார இலாகாவே குருதியைச் சோதித்து, ஆய்ந்தவர்களிலே பாதிக்கு மேற்பட்டோர் உடலிலே கேட்மியம் எனும் நச்சு உலோகம் வரம்புக்கு மேல் இருக்கக் கண்டது. அதன் பிறகும் ஆறு கறுப்பாகவே ஓடியது.

2006 அக்டோபரிலே அச்சுவார் மக்கள் கிளம்பினார்கள். ஆண்களும் பெண்களும் பிள்ளைகளுமாகப் போய், எண்ணெய் வயலின் சாலையை மறித்தார்கள், விமானத் தளத்திலே உட்கார்ந்தார்கள், மின்நிலையத்தைச் சூழ்ந்தார்கள். பம்பு நின்றது! அந்நாட்டு எண்ணெயிலே பெரும்பங்கு அந்த வயல்களிலிருந்துதான் வந்துகொண்டிருந்தது. முப்பதாண்டுக்கு மேல் கேளாத காது, இரண்டு வாரத்திலே கேட்டது! தலைநகரிலே இருந்த அதிகாரிகளும் கம்பெனிக்காரர்களும் காட்டுக்கு வந்து, டோரிசா எனும் சிற்றூரிலே கையெழுத்துப் போட்டார்கள். நச்சு நீரை இனி ஆற்றிலே விடாமல் பூமிக்குள் திரும்பச் செலுத்துவது. மக்களின் சுகாதாரத்துக்குப் பணம் ஒதுக்குவது. செலவு அதிகம், ஆகாது, முடியாது என்று அதுவரை சொன்னார்களே, அது எப்படி முடிந்தது? பம்பு நின்றதால் முடிந்தது! பழைய கறைகள் போய்விட்டன என்று நாம் சொல்லமாட்டோம். அவை இன்னும் உள்ளன. ஆனால், 950 கோடி டாலர் தீர்ப்பு செய்யாத வேலையை, இரண்டு வாரத்து ஒற்றுமை செய்து காட்டியது.

இன்னும் ஒரு படி மேலே போனவர்கள் ஈக்வடாரின் சரயாகு ஊர் மக்கள். போபோனாசா ஆற்றங்கரையிலே, கிச்வா மொழி பேசும் சுமார் 1,200 பேர். 1996லே அவர்களைக் கேளாமலேயே அவர்கள் நிலத்தை ஓர் அர்ஜென்டினாக் கம்பெனிக்கு எண்ணெய் தேட எழுதிக்கொடுத்தது அரசு. கம்பெனி வந்து, 60,000 டாலர் தருகிறோம், 500 பேருக்கு வேலை தருகிறோம் என்று ஆசை காட்டியது. 2000ஆம் ஆண்டிலே ஊர் கூடியது, பேசியது, "வேண்டாம்!" என்றது.

இங்கே தோழர்கள் சிலர் புருவத்தை உயர்த்தக்கூடும். வேலையை வேண்டாம் என்பதா? வேலைக்காகத்தானே நாம் நடையாய் நடக்கிறோம்? நியாயமான கேள்வி. வேலையை இகழ நமக்கு உரிமையில்லை. ஆனால், அது எந்த வேலை, எத்தனை நாள் வேலை என்று கேட்க உரிமை உண்டு. எண்ணெய் தேடும் வேலை என்பது, காட்டிலே கோடு வெட்டுவதும் வெடி வைப்பதும் மூட்டை சுமப்பதும். தேடல் முடிந்தால் வேலையும் முடியும். ஆறோ, பாட்டனுக்குச் சோறு போட்டது, பேரனுக்கும் போடும். விதைநெல்லை விற்றுச் சந்தையிலே பலகாரம் வாங்கித் தின்னும் விவசாயி உண்டா? சரயாகு மக்கள் விதைநெல்லை விற்க மறுத்தார்கள், அவ்வளவுதான். எண்ணெய் கொழித்த லாகோ அக்ரியோ வட்டாரத்தை அவர்கள் பார்த்திருந்தார்கள். நாட்டுக்கு டாலர் தந்த அந்த மாகாணம், நாட்டின் வறுமை மிகுந்த மாகாணங்களிலே ஒன்றாகவே இருப்பதையும் கண்டிருந்தார்கள்.

மறுப்பைக் கம்பெனி மதிக்கவில்லை. 2002லும் 2003லும் ஆயுதம் தாங்கிய காவலோடு நுழைந்து, 1,400 கிலோவுக்கு மேல் வெடிமருந்தை அவர்கள் நிலத்திலே புதைத்தது. ஊர் என்ன செய்தது? பள்ளியை மூடிற்று, தோட்ட வேலையை நிறுத்திற்று, காட்டெல்லையிலே முகாம்கள் அமைத்து, மாதக்கணக்கிலே காவல் நின்றது. அந்த முகாம்களுக்கு அவர்கள் வைத்த பெயர், 'அமைதி, வாழ்வு முகாம்'. உழாத தோட்டம் விளையுமா? சோற்றுக்குத் திண்டாடினார்கள், ஆனாலும் நகரவில்லை. 2003லே கம்பெனி வேலையை நிறுத்திற்று. 2010லே ஒப்பந்தமே முடிந்தது.

பிறகுதான் நீதிமன்றம் வருகிறது! அமெரிக்க நாடுகளின் மனித உரிமை நீதிமன்ற நீதிபதிகள், 2012 ஏப்ரலிலே, அந்த நீதிமன்றத்தின் வரலாற்றிலேயே முதன்முறையாக, வழக்குக்குரிய இடத்தை நேரிலே காணச் சரயாகுவுக்கே வந்தார்கள். சூன் மாதத்திலே தீர்ப்பு: மக்களைக் கலந்துகொள்ளாமல் நிலத்தைக் கொடுத்தது அரசின் குற்றம். 2014லே அமைச்சர்கள் அந்தக் காட்டுக்கு வந்து, மக்கள் முன்னே நின்று மன்னிப்புக் கேட்டார்கள். புதைத்த வெடிமருந்தை எடுக்கும் வேலை இன்னும் முடியாதது வெட்கக்கேடு. ஆனால், காடு நிற்கிறது. ஆறு தெளிவாக ஓடுகிறது. அதே வழியிலே, வாவோரானி மக்கள், நெமோன்டே நென்கிமோ எனும் பெண்மணியின் தலைமையிலே, எண்ணெய்க்காரன் கிணறு வெட்டும் முன்பே நீதிமன்றம் ஏறி, 2019லே வென்றார்கள். 2012லே அரசு நடத்திய கலந்தாலோசனை சட்டப்படி செல்லாது என்றது நீதிமன்றம். ஏறக்குறைய ஐந்து இலட்சம் ஏக்கர் காடு ஏலத்திலிருந்து தப்பியது!

ஆகவே, நீதிமன்றம் பயனற்றது என்று நாம் சொல்லவில்லை. கூட்டு வலிமை முன்னே நடந்து, சட்டம் பின்னே வந்தால், சட்டம் கேடயம். கம்பெனி போனபிறகு சட்டத்தை மட்டும் துரத்த அனுப்பினால், அது வெறும் காகிதம்.

"எல்லாம் சரி, நாட்டு வளர்ச்சிக்கு எண்ணெய்ப் பணம் வேண்டாமா? பள்ளியும் மருத்துவமனையும் எதைக்கொண்டு கட்டுவது?" என்று கேட்பார்கள். இந்தக் கேள்வியை எள்ளி நகையாட மாட்டோம். ஈக்வடார் கடன் சுமக்கும் நாடு. எண்ணெய் வருவாயை நம்பிய நாடு. வெளிநாட்டுக் கம்பெனியை விரட்டிவிட்டு அரசே எடுத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பியவர்களும் அங்கே இருந்தார்கள். என்ன நடந்தது? 1990க்குப்பின் அரசுக் கம்பெனியே எண்ணெய் எடுத்தது. நச்சு நீரை ஆண்டுக்கணக்கிலே ஓடையிலேயே விட்டது. எரிவாயுவை ஊர்ப்பக்கத்திலேயே கொளுத்தியது. கொடி மாறியது, குழி மாறவில்லை! அந்தத் தீப்பந்தங்களை அணைக்க வேண்டும் என்று, ஒன்பது சிறுமிகள் வழக்காடி, 2021லே வென்றார்கள். முதலாளி யார் என்பது மட்டும் கேள்வியல்ல. மண்ணிலே வாழ்பவன் சொல்லுக்கு மதிப்பு உண்டா என்பதே கேள்வி.

அந்தக் கேள்வியை நாடு முழுவதற்குமே வைத்துப் பார்த்தார்கள். யசூனி எனும் காட்டிலே, வெளியுலகத் தொடர்பையே விரும்பாத மக்களும் வாழுகிறார்கள். அங்கே உள்ள எண்ணெயைத் தொடாமல் விடுகிறோம், பாதி மதிப்பாக 360 கோடி டாலரை உலகம் கொடுக்கட்டும் என்று 2007லே அந்நாட்டுத் தலைவர் கோரியா கேட்டார். காட்டைப்பற்றிக் கண்ணீர் வடித்த பணக்கார நாடுகள் பையைத் திறந்தனவா? வந்தது சுமார் 1.3 கோடி டாலர்! 2013லே திட்டம் கைவிடப்பட்டது. 2016லே எண்ணெய் எடுக்கத் தொடங்கினார்கள். இளைஞர்களும் பழங்குடி மக்களும் விடவில்லை. ஆண்டுக்கணக்கிலே கையெழுத்துத் திரட்டி, போராடி, 2023 ஆகஸ்டு 20ஆம் நாள் வாக்கெடுப்பு நடத்த வைத்தார்கள். எண்ணெய் மண்ணிலேயே கிடக்கட்டும் என்று நூற்றுக்கு 59 பேர் வாக்களித்தார்கள். வருவாய் குறையும் என்று தெரிந்தே வாக்களித்தார்கள்!

ஓராண்டுக்குள் வெளியேற வேண்டும் என்பது நீதிமன்றத்தின் கட்டளை. அரசோ, 2024 ஆகஸ்டிலே முதல் கிணற்றை மூடிவிட்டு, இருநூற்றுக்கு மேற்பட்ட கிணறுகளையும் மூட 2029 வரை ஆகும் என்றது. கிணறு வெட்டும்போது இருந்த சுறுசுறுப்பு, மூடும்போது எங்கே போய்விட்டது?

தோழர்களே! இதிலேதான் எச்சரிக்கை இருக்கிறது. தீர்ப்பு வந்தால் போதும் என்று லாகோ அக்ரியோ மக்கள் நம்பியிருந்தால், அவர்களுக்கு மிச்சம் தீர்ப்பு நகல் மட்டுமே. வாக்கு வென்றுவிட்டோம் என்று யசூனிக்காகப் போராடியவர்கள் வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொண்டால், அவர்களுக்கு மிச்சம் எண்ணிக்கை மட்டுமே. கடைசிக் கிணறு மூடப்படும் நாள்வரை கண் அயராதிருப்பவனுக்கே அந்தக் காடு சொந்தம். அவர்கள் அயரவில்லை, இன்றும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள், தெருவிலே நின்று கேட்கிறார்கள், நீதிமன்றத்திலே நின்று கேட்கிறார்கள். அந்தக் குரலுக்கு நாம் வாழ்த்துக் கூறுகிறோம்.

உழைப்பவன் எந்தக் கண்டத்திலே இருந்தாலும் அவனுக்குரிய பாடம் ஒன்றுதான்: பிடி கையிலே இருக்கும்போதே பிடி! போனவன் பின்னாலே ஓடாதே. போகுமுன் வழியிலே நில்! ஒருவனாக நிற்காதே, ஊராக நில்!